சரோஜா பேரில் இருந்த நெஞ்சு

டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா, மூன்றாவது தடவையாக ஸ்கேன் பசையை எடுத்து நெஞ்சில் தடவினார். சரோஜா கட்டிலில் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். நான் கதவோரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான் என்றாலும், மற்றவர்கள் முன்னால் அவளை அப்படிப் பார்க்க எனக்குக் கூச்சம்.

மெஷினிலிருந்து நெஞ்சு அடிக்கும் சத்தம் வந்தது. ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அடிப்பது போன்ற சத்தம். அந்த ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவன் நான். எனக்கு அப்படித்தான் தோன்றும்.

டொக்டர் மெஷினை நிறுத்தினார். பைலைத் திறந்து, தோட்டத்து மருத்துவ முகாமில் எடுத்த படத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

பிறகு சிங்களத்தில், மெதுவாகத்தான் சொன்னார். இந்த நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. வால்வு நன்றாகத் திறந்து மூடுகிறது. இந்தப் படத்தில் இருப்பது வேறு ஆளுடைய நெஞ்சு.

சரோஜாவுக்கு முதல் பாதி மட்டுமே காதில் ஏறியது. எழுந்து உட்கார்ந்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தாள். பதினொரு நாளாக நான் பார்க்காத சிரிப்பு.

"நான் அப்பவே சொன்னேன்லங்க, எனக்கு ஒண்ணுமில்லன்னு."

அவள் அப்படி ஒரு நாளும் சொல்லவில்லை. டொக்டரும் சிரிக்கவில்லை. படத்தை விரலால் தட்டி, அப்படியானால் இது யார் என்று கேட்டார்.

நான் சுவரை விட்டுத் திரும்பினேன்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊரையும் இந்த ஆஸ்பத்திரியையும் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்கு, கரண்ட் வந்த கதையை எழுதியபோதே ஒரு வாசகர் கேட்டிருந்தார், தேயிலைக் காட்டுக்குள் இருதய ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

ஸ்டோர் ஆஸ்பத்திரி ஆனது

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் வெள்ளோடைத் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். தோட்டத்தின் நடுவில், நான்கு மாடியில், தகரம் அடித்து வெள்ளை பூசி நின்றது எங்கள் ஸ்டோர். அப்பா அதில் கொழுந்து உருட்டும் ரோலரில் வேலை செய்தார். அவர் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அக்குளில் பச்சைக் கறை இருக்கும்.

நான் பையனாக இருந்த காலத்திலேயே ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியில் ஏறி வேறு தோட்டத்து ஸ்டோருக்குப் போனது. கட்டடம் சும்மா கிடந்தது. கண்ணாடிகளை யார் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். புறாக்கள் குடியேறின.

பல வருடம் கழித்து ஒரு நாள் இரண்டு வேன்கள் வந்தன. வெள்ளைக்காரர்கள் இருவரும் கொழும்புக்காரர் ஒருவரும் நாடா பிடித்து அளந்தார்கள். பழைய தோட்டத் துரை ஒருவரின் வம்சத்தில் ஒரு பிள்ளை நெஞ்சு நோயில் இறந்ததாகவும், அந்தக் குடும்பம் பணம் கொடுப்பதாகவும் பேசிக்கொண்டார்கள். மெய்யா பொய்யா எனக்குத் தெரியாது. துரைமாரோடு பேசிப் பழக்கமில்லை.

தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருக்கும் காசிம் நானா அன்றைக்கு எல்லாரையும் பயமுறுத்திவிட்டார். "தேயிலைய அரைச்ச எடத்துல இனி மனுசன அரைக்கப் போறாங்களாம். எதுக்கும் மெலிஞ்சவங்க முன்னுக்கு நில்லுங்க, தூள் நல்லா வரும்." ஒரு வாரம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவில்லை.

கொழுந்து வாட்டுகிற மேல்மாடி, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல் வைத்துக் கட்டியது. அதைத்தான் வார்டு ஆக்கினார்கள். ரோலர் நின்ற இடத்தில் ஆபரேஷன் அறை. மழை விழுந்து காற்று ஈரமானால் இன்றைக்கும் மேல்மாடிப் பலகையிலிருந்து தேயிலை மணம் கிளம்பும். நோட்டன் பிரிட்ஜிலிருந்து பிள்ளையோடு வந்திருந்த ஒரு தாய், யார் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள் என்று கட்டில் கட்டிலாகத் தேடியிருக்கிறாள்.

எங்கள் ஆட்களுக்கு வேலை கிடைத்தது. கூட்டுவது, சமைப்பது, துவைப்பது. எனக்குத் துவைப்பது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

நோயாளிகள் வலப்பனையிலிருந்து வந்தார்கள். மாத்தறையிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து மட்டும் யாரும் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை. முன்கதவு வெளியூர்க்காரர்களுக்கு, பின்கதவு நமக்கு என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம். மூச்சு வாங்கினால் மலை ஏறியதால் என்போம். நெஞ்சு வலித்தால் டிஸ்பென்சரியில் இரண்டு வெள்ளை மாத்திரை.

மெஷின் வந்த நாள்

டொக்டர் நோனா புதிதாக மாற்றலாகி வந்தவர். வந்த சில வாரங்களிலேயே, ஆஸ்பத்திரியைச் சுற்றி இவ்வளவு பேர் இருக்கிறார்களே, ஒருவர்கூட ஏன் வருவதில்லை என்று கேட்டாராம். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. நாமே போவோம் என்று சொல்லி, தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தவர்கள் எல்லாருக்கும் நெஞ்சைப் படம் பிடிக்கும் மெஷினோடு முகாம் ஏற்பாடு செய்தார்.

முகாமைப் பெரட்டுக்களத்தில் வைத்ததுதான் வினையாகப் போனது. காலையில் ஆட்கள் கூடி, பேர் கூப்பிட்டு, மலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. மாரிமுத்துக் கங்காணி வழக்கம்போல அங்கிருக்கும் கல்லின் மேல் ஏறி நின்று, செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். ஆட்களும் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் தங்கச்சியோ மகளோ 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு அவளுக்காக மலைக்குப் போவாள். பறித்த கொழுந்து இல்லாதவள் பேரில் பதியும். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. என் அம்மாவே செத்துப்போன தன் அக்காவின் பேரில்தான் கடைசி வரைக்கும் வேலை செய்தாள்.

முகாம் அன்றைக்கு சரோஜா ஊரில் இல்லை. மகனின் அடையாள அட்டை விஷயமாக நுவரெலியாவுக்குப் போக வேண்டியிருந்தது. தனக்குப் பதிலாக நிற்கும்படி தங்கச்சி புஷ்பத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

புஷ்பம் அவளைவிட நான்கு வயது இளையவள். பக்கத்து லயம். கல்யாணத்துக்குப் பிறகு தோட்ட வேலையை விட்டுவிட்டு வீட்டில் துணி தைக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. செக்ரோலில் அவள் பேர் இல்லை. அதனால் முகாமில் அவளுக்கு இடமும் இல்லை.

மறைப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அதற்குத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். கங்காணி "சரோஜா" என்றார். "இருக்கேன்" என்று புஷ்பம் உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

"அக்காவுக்கு நெஞ்சு இருக்கான்னு பாத்துட்டாங்க மச்சான்" என்று என் காதோரம் சொன்னாள். "இருக்காம்."

நான் சிரித்தேன்.

பதினொரு நாள்

கடிதத்தை நர்ஸ் என் கையிலேயே கொடுத்தார். பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ். சரோஜாவின் பேர் மட்டும் எனக்குப் புரிந்தது. காசிம் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பகடி ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, வூட்டுக்குப் போய் உக்காந்து பேசுங்க. நின்னுக்கிட்டே சொல்லிப்புடாதீங்க."

நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது. பாரம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. பதினொரு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். அதுதான் கடிதம்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னைத் திட்டலாம். அன்றைக்கு மெஷினுக்குப் போனது யார் என்று எனக்குத் தெரியும். சரோஜாவுக்கும் தெரியும். புஷ்பத்துக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. சரோஜா பேரில் பறித்த கொழுந்து சரோஜாவுடையது. சரோஜா பேரில் வந்த நோயும் சரோஜாவுடையதாகவே எங்களுக்குப் பட்டது.

கடிதம் வந்த மறுநாளே சரோஜாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் படபடப்பு. பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து, இது இன்னாருக்கு, இது இன்னாருக்கு என்று பிரித்து வைத்தாள். பச்சைச் சேலை புஷ்பத்துக்கு. பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

புஷ்பம் தையல் மெஷினை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்காவை எதையும் தொட விடவில்லை. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தாள். விறகு பிளந்தாள். விடிந்ததும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, அக்கா பேருக்கு மலைக்குப் போனாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இருமத் தொடங்கினாள். கால் வீங்கியிருந்தது. அதை மறைக்க என்னுடைய பழைய காலுறையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். லயத்துக்கு ஏறும் படியில், குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் இரண்டு தடவை பார்த்தேன்.

"என்ன புள்ள?" என்று கேட்டேன்.

"குளிருதான் மச்சான். எனக்கென்ன. நீங்க அக்காவப் பாருங்க."

நான் அக்காவைப் பார்த்தேன்.

ஏழாம் நம்பர் மலை

டொக்டரின் அறைக்கு வருகிறேன்.

இது யார் என்று டொக்டர் கேட்டதும் சரோஜாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"என்னங்க," என்றாள். "அவ இப்ப எங்க?"

"மலையில."

அந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் வேலை செய்தும் ஒரு டொக்டரிடம் நானாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், முகாமுக்கு வந்தது இவள் இல்லை, இவள் தங்கை என்றேன். அவள் இப்போது கொழுந்து பறிக்கிறாள் என்றேன்.

டொக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த வால்வு சட்டைப் பொத்தான் துளை அளவுக்குத்தான் திறக்கிறது, அவள் இனி ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்றார். மற்றதை நான் கேட்கவில்லை. பின்கதவு வழியாக ஓடினேன்.

நான் துணி காயப்போடும் இடத்திலிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் மலை நேராகத் தெரியும். மத்தியான நிறுவைக்குப் பெண்கள் கொழுந்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூரத்தில் யார் யாரென்று தெரியவில்லை. படிக்கட்டில் ஏறாமல் செடிகளுக்கு நடுவில் குறுக்கே ஏறினேன். கவாத்துக் குச்சிகள் காலைக் கிழித்தன.

நிறுவைக் கொட்டிலுக்கு மேலே பாதையோரம் ஒரு கல்லில் புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். முதுகில் கொழுந்து நிறைந்த சாக்கு. உதடு நாவல் பழம் தின்றது போல இருந்தது. காலையில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி என்னைக் கண்டுவிட்டாள்.

"ஏய் புஷ்பம், ஒங்க மச்சான் ஓடி வர்றாரு பாரு. அந்த மனுசன் கல்யாணத்தன்னைக்கே இவ்வளவு வெரசா வரல."

சிரித்தார்கள். புஷ்பம் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள்.

"அக்கா?"

எனக்கு மூச்சு வரவில்லை. நான் பேசாமல் நின்றதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். சாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, "அக்கா" என்று கத்திக்கொண்டு கீழே ஓடத் தொடங்கினாள்.

"ஓடாத."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அத்தனை பெண்களுக்கு முன்னால். பிடித்த இடத்தில் நாடி தாறுமாறாகத் துடித்தது.

"அக்காவுக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சு நல்லா இருக்குன்னுட்டாங்க."

"மெய்யாவா மச்சான்?"

"மெய்யாத்தான்."

அவள் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், இருமினாள். மலை உச்சியில் இருக்கும் முனியாண்டி கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். மெய்யாவா என்று மறுபடியும் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க?"

நான் அவள் கையை விடவில்லை.

"அன்னிக்கு மெஷினுக்குப் போனது நீதானே புள்ள."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அடங்கினார்கள். முதலில் விளங்கிக்கொண்டவள் பார்வதி என்ற வயதான பெண்தான். கொட்டிலுக்குப் போய், கொழுந்து கொட்டி வைக்கும் பெரிய படங்குத் துணியை இழுத்து வந்து பாதையில் விரித்தாள்.

"படு ஆத்தா" என்றாள்.

நான்கு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து அவளை இறக்கினோம். புஷ்பம் கிடந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கீழே வந்ததும் பெண்கள் பழக்கத்தில் பின்கதவுப் பக்கம் திரும்பினார்கள். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டொக்டர் நோனா மழைத் தூறலில் நின்றார்.

கல்லை விட்டு இறங்கியவர்

மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. புஷ்பம் பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அதே லயத்தில் இருக்கிறாள், தைக்கிறாள், என்னை வம்புக்கு இழுக்கிறாள். இன்னும் ஒரு வாரம் சுமந்திருந்தால் மலையிலேயே போயிருப்பாள் என்றார்கள். சரோஜா அந்தப் பதினொரு நாளைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் புஷ்பத்தை இறக்கிய அன்று பின்னேரம் நடந்ததையும் எழுத வேண்டும்.

புஷ்பத்தைக் கட்டிலில் கிடத்தி ஊசி போட்ட பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டார். முகாம் பட்டியல் அவர் மேசையில் இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அன்றைக்கு இப்படி இன்னும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அண்ணனுக்குத் தம்பி போனதைப் பார்த்தேன். தாய்க்கு மகள் போனதைப் பார்த்தேன். எல்லாமே எப்போதும் நடப்பதுதானே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டியலில் முக்கால்வாசிப் பேருக்கு நேராக 'நலம்' என்று எழுதியிருந்தது. அந்த நலம் யாருடையது?

சரியாகத் தெரியாது என்றேன். கேட்டு வருகிறேன் என்றேன். தோட்டத் துரையிடம் சொல்ல மாட்டேன் என்று டொக்டர் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த நாள் விடியலில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். புஷ்பத்தின் கதை எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கங்காணி கல்லின் மேல் நின்று பேர் கூப்பிட ஆயத்தமானார். நான் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். தரையைப் பார்த்தபடிதான் பேசினேன்.

"அன்னிக்கு யாரு பேருக்கு யாரு மெஷினுக்குப் போனீங்கன்னு சொல்லணும். தொரைக்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. டொக்டரு நோனா வாக்குக் குடுத்திருக்காங்க."

பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒரு பெண் தோளை மாற்றிக்கொண்டாள். இன்னொருவர் சுருட்டைக் காலால் தேய்த்து அணைத்தார். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

தலைக்கு மேலே செக்ரோல் மூடுகிற சத்தம் கேட்டது.

மாரிமுத்துக் கங்காணி தோட்டத்துக்கே பேர் கூப்பிடுகிறவர். யாராவது கொஞ்சம் பிந்தி வந்தாலும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போடுவார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் பேருக்கு எங்க அண்ணன் மகன் போனான்ப்பா," என்றார். "எனக்கு மூணு மாசமா இந்தக் கை மரத்து மரத்துப் போகுது. பயந்துக்கிட்டுத்தான் அவன அனுப்புனேன்."

அவர் கல்லிலிருந்து மெதுவாக இறங்கி, வந்து என் முன்னால் வரிசையில் முதல் ஆளாக நின்றார்.